சர்க்கரைத் தீவின் பேரங்கள்

1974 நவம்பரில் உலகச் சந்தையில் ஒரு பவுண்டு சர்க்கரையின் விலை 60 அமெரிக்க சென்ட்டைத் தாண்டியது. சர்க்கரை அதுவரை காணாத விலை அது. பிரிட்டனில் தட்டுப்பாடு, கடைகளில் வரிசை. அந்தக் காலகட்டத்தில்தான் ஆப்பிரிக்க, கரீபிய, பசிபிக் நாடுகள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் சர்க்கரை ஒப்பந்தம் ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தன. ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு சர்க்கரையை உத்தரவாத விலைக்கு ஐரோப்பா வாங்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். வெளியே விலை ஏறிக்கொண்டே போகும்போது, கட்டுப்பட்ட விலைக்குத் தன் சரக்கை எழுதிக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? பல நாடுகள் அளவைப் பெரிதாகக் கருதவில்லை. சுதந்திரம் பெற்று ஏழு ஆண்டுகூட நிறையாத மொரிஷியஸ் அளவைத்தான் கேட்டது. எவ்வளவு கூடுதலாக ஒதுக்க முடியுமோ அவ்வளவும் எங்களுக்கு வேண்டும் என்று நின்றது.

1975 பிப்ரவரி 28 அன்று டோகோ நாட்டின் லோமே நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதோடு இணைந்த சர்க்கரை நெறிமுறையில் மொத்த ஒதுக்கீடு ஏறத்தாழ 13 லட்சம் டன். அதில் சுமார் 5 லட்சம் டன், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வெறும் 2,040 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நாட்டுக்குப் போனது. கால வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் உலக விலை 10 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. ஐரோப்பாவோ தன் சொந்த பீட் விவசாயிகளைக் காப்பாற்ற உள்நாட்டு விலையை உயர்த்தியே வைத்திருந்தது. அந்த உயர்ந்த விலை மொரிஷியஸ் கரும்புக்கும் கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்துக்கொண்டே இருந்தது.

அரவிந்த் சுப்பிரமணியன், தேவேஷ் ராய் என்ற பொருளியலாளர்கள் 2001இல் பன்னாட்டு நிதியத்துக்காக எழுதிய ஆய்வில் இந்த விலை வித்தியாசத்தைக் கணக்கிட்டார்கள். சராசரியாக ஆண்டுக்கு மொரிஷியஸின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஐந்து சதவீதத்தை ஒட்டிய தொகை அது. உழைப்பால் வந்தது தனி. அதற்கு மேல் ஒரு கையெழுத்தால் வந்தது இது.

மொரிஷியஸைப் பற்றி எழுதுவோர் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வது வழக்கம். சந்தையின் கதவைத் திறந்துவிட்டதால் முன்னேறிய நாடு என்பது ஒன்று. ஐரோப்பாவின் தயவில் பிழைத்த நாடு என்பது மற்றது. இரண்டும் போதாது. அந்த உபரிப் பணத்தை எப்படிப் பேரம் பேசி வாங்கினார்கள், வாங்கியதை ஊருக்குள் எப்படிப் பங்கிட்டார்கள், அது நின்றுபோகும் என்று தெரிந்தபோது என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த நாட்டின் வளர்ச்சி விளங்கும். இன்று அது சிக்கிக்கொண்டிருக்கும் இடமும் அங்கேதான் விளங்கும்.

தீவில் ஆதிக்குடிகள் என்று யாரும் இல்லை. டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறி, தாக்குப்பிடிக்க முடியாமல் 1710இல் விட்டுப்போனார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த லபூர்தொனே போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்பினார். அதற்குக் கல்தச்சர்களும் கைவினைஞர்களும் புதுச்சேரிப் பக்கமிருந்து போனார்கள். மொரிஷியஸ் தமிழரின் வரலாறு கரும்பு தீவெங்கும் பரவியதற்கும் முந்தையது. 1810இல் பிரிட்டன் தீவைக் கைப்பற்றியது. 1825இல் மொரிஷியஸ் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கும் ஒரே இறக்குமதி வரி என்று லண்டன் முடிவெடுத்தது. அந்த ஒரு வரி மாற்றம் தீவின் முகத்தையே மாற்றியது. காடு அழிந்தது, கரும்பு பரவியது.

பூமி எரிமலைப் பூமி. மண்ணுக்குள் கருங்கல். உழுவதற்கு முன்னால் கல்லைப் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கற்களை வயலுக்கு நடுவிலேயே மலைபோல் அடுக்கினார்கள். இன்றும் தீவின் எந்தப் பக்கம் போனாலும் ஆளுயரக் கரும்புக்கு மேலே தலை நீட்டி நிற்கும் அந்தக் கறுத்த குவியல்களைப் பார்க்கலாம். அடிமைகளும், 1835இல் அடிமை முறை ஒழிந்ததை ஒட்டி இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகளும் வெறுங்கையால் சுமந்து அடுக்கியவை அவை. 1834இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் அப்படிப் போய் இறங்கினார்கள். போஜ்பூர் வட்டாரத்திலிருந்து போனவர்கள் அதிகம். சென்னை மாகாணத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் போனார்கள். அவர்கள் இறங்கிய படித்துறையான ஆப்பிரவாசி காட் 2006இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஏன் கரும்பு மட்டும்? பெரும் தோட்டக்காரர்களின் லாபம் ஒரு காரணம். புயல் இன்னொரு காரணம். நெல்லும் காய்கறியும் ஒரே சூறாவளியில் படுத்துவிடும். கரும்பு வளைந்து, அடிபட்டு, மறுபடி துளிர்க்கும். ஆனால் கரும்பும் எல்லாப் புயலையும் தாங்கியதில்லை. 1960 பிப்ரவரியில் அடித்த கேரல் புயல் அந்த ஆண்டு விளைச்சலில் பாதிக்கும் மேல் கொண்டுபோனது. அப்போது தீவின் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சர்க்கரைதான். உணவு அரிசி முழுவதும் வெளியிலிருந்து வந்தது. இதற்கிடையில் மலேரியா ஒழிந்து மக்கள்தொகை ஏறிக்கொண்டிருந்தது. 1944 கணக்கெடுப்பில் 4 லட்சத்து 19 ஆயிரம். 1962இல் 6 லட்சத்து 81 ஆயிரம்.

இந்த நிலையில்தான் பிரிட்டிஷ் ஆட்சி ஜேம்ஸ் மீட் என்ற பொருளியலாளரை அழைத்தது. பின்னாளில், 1977இல், பன்னாட்டு வணிகக் கோட்பாட்டுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய குழுவின் அறிக்கை 1961இல் வந்தது. பெருகும் மக்கள், ஒரே பயிர், சந்தைகளிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் தூரம், இன வேற்றுமை ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து, அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்புக் குறைவு என்று அவர் கருதினார். பொருளியலில் பொய்த்துப்போன ஆரூடத்துக்கு உதாரணமாக இதைக் காட்டி மீட்டைக் குறைத்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆட்களை அதிகம் வேலைக்கு வைக்கும் ஆலைத்தொழில், கூலியை அடக்கி அதற்கு ஈடாகச் சமூக நலத்திட்டங்கள், குடும்பக் கட்டுப்பாடு என்று அவர் காட்டிய வழியில்தான் பின்னர் நாடு நடந்தது. எச்சரிக்கையைக் கேட்டுத் திருந்தியவன் பிழைத்துக்கொண்டால், எச்சரித்தவன் பொய்யன் ஆகிவிடுவானா?

பயம் நியாயமான பயம்தான். 1967 தேர்தலில் சுதந்திரத்தை ஆதரித்த கூட்டணிக்கு 56 சதவீத வாக்கு. எதிர்த்த கட்சிக்கு 44. நாடு பிறக்கும்போதே இரண்டாகப் பிளந்திருந்தது. 1968 மார்ச் 12 அன்று கொடியேறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் போர்ட் லூயிஸில் இனக்கலவரம் மூண்டது. அடக்க பிரிட்டிஷ் படை வந்தது. முதல் பிரதமர் சிவசாகர் ராம்குலாம் அடுத்த ஆண்டே எதிர்க்கட்சியைக் கூட்டணி அரசில் சேர்த்துக்கொண்டார். சுதந்திரத்தை எதிர்த்த கட்சியின் தலைவர் கேத்தன் துவால் வெளியுறவு அமைச்சரானார். நாட்டுக்கு முதலீட்டாளர்களைத் தேடி ஊர் ஊராகப் போனவரும் அவரே.

அதைவிட முக்கியமான சமரசம் கரும்புத் தோட்டங்களில் நடந்தது. பெரும் தோட்டங்களும் ஆலைகளும் மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியான பிரெஞ்சு வம்சாவளியினர் கையில் இருந்தன. ஆட்சியோ கூலிகளின் பேரப்பிள்ளைகள் கையில். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவில் இப்படிப்பட்ட இடத்தில் தோட்டங்களை நாட்டுடைமையாக்குவதே இயல்பு. மொரிஷியஸ் அதைச் செய்யவில்லை. நிலத்தை விட்டுவிட்டு வருமானத்தின் மீது கை வைத்தது. சர்க்கரை ஏற்றுமதிக்கு வரி; பெரிய உற்பத்தியாளருக்குக் கூடுதல் விகிதம். 1994 வரை அந்த வரி நீடித்தது. ஐரோப்பா கொடுத்த கூடுதல் விலையின் ஒரு பகுதி இப்படி அரசின் கைக்கு வந்தது. இன்னொரு பகுதி சிறு விவசாயிகளுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோட்டக்காரர்கள் கழித்துக் கட்டி விற்ற ஓரத்து நிலங்களை, ஒப்பந்தம் முடிந்த கூலிகள் சேமிப்பைக் கொட்டி வாங்கியிருந்தார்கள். கால் ஏக்கரும் அரை ஏக்கருமாகக் கரும்பு போட்ட அந்தப் பல்லாயிரம் குடும்பங்களுக்கும் பிரஸ்ஸல்ஸில் நிர்ணயிக்கப்பட்ட விலை போய்ச் சேர்ந்தது. தோட்ட முதலாளிகளிடம் மிஞ்சிய பங்கு நாட்டை விட்டு ஓடவில்லை; கடற்கரை ஓட்டல்களாகவும் ஆடை ஆலைகளாகவும் மாறியது.

அரசு தன் பங்கை என்ன செய்தது? 1958 முதலே வசதி பார்க்காமல் எல்லா முதியவருக்கும் ஓய்வூதியம் இருந்தது, அதைக் காத்தது. 1977 முதல் இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. மருத்துவமனையில் கட்டணம் இல்லை. அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் மானியம். வணிகக் கொள்கையைப் பற்றிய கட்டுரையில் ஓய்வூதியத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வெளிச்சந்தை ஆட்டங்கண்டால் உள்ளே சமையலறை ஆட்டங்காணும் நாடு இது. அந்த அதிர்வைத் தாங்க ஏதோ ஒன்று வீட்டுக்குள் இருந்தால்தான் எல்லையைத் திறக்க மக்கள் சம்மதிப்பார்கள். மொரிஷியஸில் வரிச் சலுகையையும் மானியத்தையும் தனித்தனியே பிரித்துப் பேச முடியாததற்குக் காரணம் இதுதான்.

பங்கு எல்லோருக்கும் கண்ணில் தெரியவும் வேண்டும். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருப்பது நம் வாசகர்கள் பலருக்குத் தெரியும். 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழின் வரிசை பின்னுக்குத் தள்ளப்பட்டு இந்தி முன்னால் வந்தபோது அங்குள்ள தமிழர் கொதித்தெழுந்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் மாற்றி அச்சிட்டது. தமிழர் அங்கே சிறுபான்மையிலும் சிறுபான்மை. அப்படியும் அடித்த பணத்தை அரசு திரும்ப வாங்கியது என்றால், சமநிலையைக் கெடுத்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்று அதற்குத் தெரிந்திருந்தது.

ஆடைத்தொழிலுக்கு வருவோம். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் இயற்றப்பட்டது. தைவான் போன்ற இடங்களின் அனுபவத்தைப் பார்த்து இந்த யோசனையை முன்வைத்தவர் எடுவார் லிம் ஃபாட் என்ற பேராசிரியர், சீன வம்சாவளியினர். மற்ற நாடுகளில் ஏற்றுமதி மண்டலம் என்றால் துறைமுகத்தை ஒட்டி வேலி போட்ட ஒரு வளாகம். மொரிஷியஸ் வேலி போடவில்லை. தீவில் எங்கே ஆலை வைத்தாலும், சரக்கை ஏற்றுமதி செய்தால் மண்டலச் சான்றிதழ் கிடைக்கும். மூலப்பொருளுக்கு இறக்குமதி வரி இல்லை, லாபத்துக்குப் பல ஆண்டு வரி விலக்கு. ஆகவே ஆலைகள் கரும்பு கிராமங்களுக்கே வந்தன. வெப்பத் தீவில் கம்பளி தரும் ஆட்டு மந்தை இல்லை, கடுங்குளிர் இல்லை. ஆனால் ஃப்ளோரியாலிலும் வாக்குவாவிலும் ஐரோப்பியக் குளிர்காலத்துக்கான கம்பளி ஸ்வெட்டர்கள் பின்னப்பட்டன.

இந்த ஆலைகளில் முதலிட ஹாங்காங் முதலாளிகள் வந்ததற்குக் கூலி மட்டும் காரணமில்லை. பல்லிழை உடன்பாடு என்ற உலக ஏற்பாட்டின் கீழ் ஹாங்காங்கிலிருந்து மேற்கு நாடுகளுக்குப் போகும் துணிக்கு உச்சவரம்பு இருந்தது. மொரிஷியஸிலிருந்து போனால் தொடக்கத்தில் அந்தத் தடை இல்லை; ஐரோப்பாவில் லோமே உடன்படிக்கையால் வரியும் இல்லை. சர்க்கரையைப் போலவே இதுவும் வேறு யாரோ தம் நலனுக்காக எழுதிய சட்டத்தில் விழுந்த இடைவெளி. அதைக் கண்டுபிடித்து நுழைந்தது மொரிஷியஸின் சாமர்த்தியம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கதவைத் திறந்த நாடு என்று புகழப்பட்ட இதே காலத்தில் உள்நாட்டுச் சந்தைக்குச் சுங்கவரிச் சுவர் உயரமாகவே நின்றது. ஏற்றுமதிக்காரருக்கு ஒரு சட்டம், உள்ளூர்த் தொழிலுக்கு வேறு சட்டம். இந்த இரட்டைப் பாதையைப் பொருளியலாளர் டானி ரோட்ரிக் தன் ஆய்வுகளில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். பழைய தொழில்களில் இருந்த ஆண்களின் வேலையையும் சங்கத்தையும் தொடாமல், புதிய தொழிலுக்குப் புதிய ஆட்களை அரசு தேடிக்கொண்டது.

அந்தப் புதிய ஆட்கள் பெண்கள். அதுவரை வீட்டிலும் வயலிலும் உழைத்த பெண்கள் ஊதியத்துக்கு ஆலைக்குப் போனார்கள். ஆணுக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிடப் பெண்ணுக்குக் கணிசமாகக் குறைவு. 1980களின் நடுவரை அந்த வேறுபாடு சட்டத்திலேயே இருந்தது. வாரம் 45 மணி நேரம் வேலை. அதற்கு மேல் 10 மணி நேரம் வரை கூடுதல் வேலையை மறுக்க முடியாது. ஆலை வண்டிகள் விடியலில் கிராமங்களைச் சுற்றி ஆள் ஏற்றின. தையல் இயந்திர வரிசையில் ஒருத்தி காலரை மட்டும் தைப்பாள், பக்கத்தில் இருப்பவள் கையை மட்டும் இணைப்பாள். நாள் முழுக்க அதே மடிப்பு, அதே தையல். அற்புதம் என்று உலக வங்கியின் அறிக்கைகள் பாராட்டிய வளர்ச்சியின் பெரும்பகுதி இந்த விரல்களிலிருந்து வந்தது. பெண்களின் கையில் பணம் வந்ததும், கல்யாண வயது தள்ளிப்போனதும், பிறப்பு விகிதம் சரிந்ததும் உண்மை. குறைந்த கூலி என்பது கொள்கையாகவே வகுக்கப்பட்டது என்பதும் உண்மை. முதல் உண்மையை முன்னால் நிறுத்தி இரண்டாவதை மறைப்பதை நான் ஏற்கவில்லை.

வழி நேராகவும் இல்லை. சர்க்கரை விலை உச்சத்தில் இருந்தபோது அரசு தாராளமாகச் செலவழித்தது. விலை விழுந்ததும் கையிருப்பு கரைந்தது. நெருக்கடி முற்றிய அந்த ஆண்டுகளில் நிதியமைச்சராக இருந்தவர் தமிழ் வம்சாவளியினரான வீராசாமி ரிங்காடு. 1992இல் நாடு குடியரசானபோது அதன் முதல் குடியரசுத் தலைவர் ஆனவரும் அவரே. 1979 அக்டோபரில் ரூபாயின் மதிப்பு 30 சதவீதமும், 1981இல் மறுபடி 20 சதவீதமும் குறைக்கப்பட்டது. பன்னாட்டு நிதியம் வந்தது. வேலையில்லாதோர் தொகை பெருகியது. 1982 தேர்தலில் இடதுசாரிகள் தலைமையிலான கூட்டணி மொரிஷியஸ் தீவின் 60 இடங்களையும் அள்ளியது. தொழிற்சங்கத் தலைவர் பால் பெரான்ஷே நிதியமைச்சரானார். ஆனவர் சிக்கனத் திட்டத்தைத் தொடரவே செய்தார். அதற்காக அவரைக் குறைசொன்னவர்கள் உண்டு. கப்பல் கப்பலாக அரிசி வாங்கித் தின்னும் தீவில், கஜானாவில் டாலர் இல்லாதபோது ஒரு நிதியமைச்சருக்கு எத்தனை வழிகள் இருக்க முடியும்? 1980களின் நடுவில் ஆடை ஏற்றுமதி சர்க்கரையை முந்தியது. பத்தாண்டின் முடிவில் ஏற்றுமதி ஆலைகளில் 90,000 பேர் அளவுக்கு வேலை பார்த்தார்கள். ஆள் பற்றாக்குறை என்ற பேச்சு முதன்முறையாகக் கேட்டது.

இரண்டு சலுகைகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிந்தன. துணி ஒதுக்கீட்டு முறை 2004 கடைசியில் காலாவதியானது. ஹாங்காங் முதலாளிகள் மூட்டை கட்டினார்கள். நாற்பதைத் தாண்டிய தையல்காரப் பெண்கள் வேறு தொழில் தெரியாமல் வீட்டுக்குத் திரும்பினார்கள். பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வணிக அமைப்பில் தொடுத்த வழக்கில் ஐரோப்பா தோற்றது. 2006இல் தொடங்கிச் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்தது. 2009 செப்டம்பர் 30 அன்று, கால வரம்பற்றது என்று எழுதப்பட்டிருந்த நெறிமுறையே முடிந்துபோனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்த தீவில் இன்று இயங்குபவை மூன்று. 1973இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டிய சர்க்கரை உற்பத்தி இப்போது இரண்டரை லட்சம் டன்னை எட்டவே சிரமப்படுகிறது. கச்சாச் சர்க்கரையை மொத்தமாக அனுப்புவதை விட்டு, வெள்ளைச் சர்க்கரையும் கூடுதல் விலை போகும் பழுப்பு நிறச் சிறப்புச் சர்க்கரைகளும் செய்யத் தொடங்கினார்கள். கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்தார்கள்; ஆனால் அறுவடை இல்லாத மாதங்களில் அதே கொதிகலனில் இறக்குமதி நிலக்கரி எரிந்தது. பெரிய குழுமங்கள் இப்படித் தப்பித்தன. அரை ஏக்கர்க்காரர்களால் முடியவில்லை. பிள்ளைகள் படித்து அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள், வெட்டுக்கூலி கட்டவில்லை, நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படிக் கைவிடப்பட்டது, நூறாண்டுக்கு முன்னால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம்.

2005க்குப் பின் வந்த அரசு, நிதியமைச்சர் ராமா சித்தானென் காலத்தில், இரட்டைப் பாதையையே மூடியது. ஏற்றுமதி மண்டலம் என்ற தனிப் பிரிவு நீங்கியது. நிறுவன வரியும் தனிநபர் வரியும் 15 சதவீதம் என்று ஒன்றானது. சுங்கவரி பெரும்பாலான பொருட்களுக்குச் சுழியம் ஆனது. வேறு வழி குறைவு என்பதால் எடுத்த முடிவு அது, துணிச்சலான முடிவும்கூட. ஆனால் வரியைச் சுழியமாக்கிய பிறகு அடுத்த பேரத்தில் விட்டுக்கொடுக்கக் கையில் பெரிதாக ஒன்றும் இருக்காது.

மூன்றாவது சலுகை புது தில்லியிலிருந்து வந்தது. 1982இல் இந்தியாவும் மொரிஷியஸும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. மொரிஷியஸில் பதிவான நிறுவனம் இந்தியப் பங்கை விற்று லாபம் பார்த்தால் வரி விதிக்கும் உரிமை மொரிஷியஸுக்கே. மொரிஷியஸில் மூலதன ஆதாய வரி கிடையாது. 1991இல் இந்தியா முதலீட்டுக்குத் திறந்தது. 1992இல் மொரிஷியஸ் அயல்நாட்டு நிறுவனங்களுக்கான சட்டத்தை இயற்றியது. 2000க்குப் பின் இந்தியாவுக்குள் வந்த அந்நிய நேரடி முதலீட்டில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் தீவின் பெயரில் வந்தது. அதில் இந்தியப் பணமே சுற்றிவந்தது எவ்வளவு என்ற கேள்வி நீண்ட நாள் இருந்தது. 2003இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. 2016 மே மாதம் இரு நாடுகளும் திருத்தத்தில் கையெழுத்திட்டன. 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியா வரி விதிக்கத் தொடங்கியது.

இந்தியாவுக்குத் தன் வரியைக் காக்கும் உரிமை உண்டு. அந்த வரி இந்தியப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டிய பணம். இதில் மொரிஷியஸ் பக்கம் என்னால் பேச முடியாது. ஆனால் போர்ட் லூயிஸிலும் எபேன் நகரின் கண்ணாடிக் கட்டடங்களிலும் கணக்கெழுதும் இளைஞர்கள் பலர் தையல் ஆலைக்குப் போன அந்தப் பெண்களின் பிள்ளைகள். இலவசக் கல்வி அவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. நிதித்துறை இன்று நாட்டின் வருமானத்தில் எட்டில் ஒரு பங்கை ஒட்டியது. 2020 பிப்ரவரியில், பணமோசடித் தடுப்பில் ஓட்டைகள் உள்ள நாடு என்று நிதி நடவடிக்கைப் பணிக்குழு மொரிஷியஸைச் சாம்பல் பட்டியலில் வைத்தது. 2021 அக்டோபரில்தான் வெளியே வர முடிந்தது.

சாம்பல் பட்டியல் அறிவிப்புக்கு அடுத்த மாதமே கோவிட். எல்லை மூடியது. முந்தைய ஆண்டு 13 லட்சத்து 80 ஆயிரம் சுற்றுலாப் பயணிகள் வந்த தீவில் விமான நிலையம் வெறிச்சோடியது. ஜூலையில் உலக வங்கி மொரிஷியஸை உயர் வருமான நாடு என்று அறிவித்தது. அதே மாதம் 25ஆம் தேதி வகாஷியோ என்ற ஜப்பானியக் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதி, பிறகு ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெயைக் கடலில் கொட்டியது. மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் திணித்துத் தைத்து மிதவைகளாக்கி, எண்ணெய் கரைக்கு வராமல் தடுக்கப் பார்த்தார்கள். அந்த ஆண்டு பொருளாதாரம் சுமார் 15 சதவீதம் சுருங்கியது. அடுத்த ஆண்டு உயர் வருமானத் தகுதியும் போனது. மத்திய வங்கி 6,000 கோடி மொரிஷியஸ் ரூபாயை அரசுக்குத் திருப்பித்தர வேண்டாத தொகையாகக் கொடுத்தது. ஓட்டல்கள் மூழ்காமல் இருக்க 8,000 கோடி ரூபாயில் ஒரு முதலீட்டு நிறுவனத்தையும் தொடங்கியது. வேலைகள் தப்பின. ரூபாயின் மதிப்பிலும் கடன் சுமையிலும் நாடு அதற்கு இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

புதிய ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. 2021 ஜனவரியில் சீனாவுடன், ஏப்ரலில் இந்தியாவுடன், 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு அமீரகத்துடன் வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆப்பிரிக்க நாடு ஒன்றுடன் சீனாவும் இந்தியாவும் செய்த முதல் ஒப்பந்தங்கள் அவை. இந்திய ஒப்பந்தத்தில் மொரிஷியஸின் 615 பொருட்களுக்கும் இந்தியாவின் 310 பொருட்களுக்கும் சலுகை. சீன, இந்திய ஒப்பந்தங்கள் இரண்டிலும் சிறப்புச் சர்க்கரைக்கு இடம் கேட்டு வாங்கியிருக்கிறது மொரிஷியஸ், ஐம்பதாண்டு பழக்கம். ஆனால் 12 லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள நாடு 140 கோடிப் பேருக்கு எவ்வளவு விற்க முடியும்? உணவில் முக்கால் பங்கும் எரிபொருள் முழுவதும் வெளியிலிருந்து வருகின்றன. அரிசியும் எரிபொருளும் வாங்க 1982 முதல் அரசு வணிகக் கழகம் இருக்கிறது. மொத்தமாக வாங்குவதால் ஓரளவு பேரம் பேசலாம். கப்பல் கட்டணம் ஏறினால் அந்தப் பேரமும் நிற்காது.

ஆட்களும் இப்போது இறக்குமதிதான். மிஞ்சியிருக்கும் ஆடை ஆலைகளில் வங்கதேசத்தவரும் மடகாஸ்கர்க்காரரும் இந்தியரும் நேபாளிகளும் ஒப்பந்தத்தில் வந்து விடுதிகளில் தங்கித் தைக்கிறார்கள். வேலை தருபவர் ஒப்பந்தத்தை முறித்தால் நாட்டில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காணும். ஒப்பந்தக் கூலியின் இறங்குதுறையை நினைவுச்சின்னமாகக் காக்கும் நாட்டில் இவர்களுக்கு இதைவிட வலுவான சட்டப் பாதுகாப்பு இருக்க வேண்டும். உள்ளூரில் ஐந்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். 2024 நவம்பர் தேர்தலில் 60 இடங்களையும் வென்று வந்த நவீன் ராம்குலாம் அரசு, 2025 ஜூன் நிதிநிலை அறிக்கையில் ஓய்வூதிய வயதை 60இலிருந்து படிப்படியாக 65ஆக உயர்த்துவதாக அறிவித்ததும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். எண்கள் அரசின் பக்கம் என்றே நான் நினைக்கிறேன். கோபமும் புரிந்துகொள்ளக்கூடியது. எல்லையைத் திறந்துவைக்க இந்த மக்கள் சம்மதித்ததற்குக் கிடைத்த ஈடுகளில் முதன்மையானது அந்த ஓய்வூதியம்.

அரசு கண் வைத்திருக்கும் அடுத்த வருமானம் சர்க்கரையிலோ துணியிலோ இல்லை; சாகோஸ் தீவுகளில் இருக்கிறது. 1965இல் சுதந்திரப் பேச்சுவார்த்தையின்போது சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பிரித்தெடுக்க லண்டன் நெருக்கியது; அதிலுள்ள டியேகோ கார்சியா தீவில் அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக. மொரிஷியஸ் அமைச்சர்கள் குத்தகையாகத் தரலாம் என்றார்கள். ஈடாக அமெரிக்கச் சந்தையில் சர்க்கரைக்கு ஒதுக்கீடு கேட்டார்கள். கிடைக்கவில்லை. 30 லட்சம் பவுண்டோடு விஷயம் முடிக்கப்பட்டது. சாகோஸ் மக்கள் அனைவரும் சொந்த மண்ணிலிருந்து அகற்றப்பட்டார்கள். 2019இல் பன்னாட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி இறையாண்மை மொரிஷியஸுக்கு. தளம் 99 ஆண்டுக் குத்தகைக்கு. முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 16.5 கோடி பவுண்டு, அடுத்த பத்தாண்டுகள் 12 கோடி பவுண்டு. தொடக்க ஆண்டுகளின் தொகையைப் பொதுக்கடன் அடைக்க ஒதுக்குவதாக அதே 2025 நிதிநிலை அறிக்கை சொன்னது. ஆனால் ஒப்பந்தம் நடைமுறைக்கு வர பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். வாஷிங்டனின் இசைவும் வேண்டும். போர்ட் லூயிஸ் போட்ட கணக்கில் வரவுப் பக்கத்தை நிரப்ப வேண்டியவர்கள் இந்த முறையும் வேறு தலைநகரங்களில்தான் இருக்கிறார்கள். பணம் வந்தால் கடனுக்கு எவ்வளவு, முதியோருக்கு எவ்வளவு, ஊர் இழந்த சாகோஸ் குடும்பங்களுக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை மட்டும் மொரிஷியஸ் தானே முடிவுசெய்யலாம். அந்த மூன்றாவது பங்கைப் பற்றித்தான் சாகோஸ் மக்கள் போர்ட் லூயிஸிலும் லண்டனிலும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.